உலகக் கோப்பைக்குப் பின் சொந்த ஊர் அணிக்குத் திரும்பிய சுவீடன் கேப்டன்: யார் இந்த கிரான்க்விஸ்ட்?

2018 உலகக் கோப்பை கால்பந்தில் சுவீடனைக் காலிறுதி வரை வழிநடத்திய தடுப்பாட்ட வீரர் ஆண்ட்ரியாஸ் கிரான்க்விஸ்ட், அடுத்து விளையாடச் சென்றது ஐரோப்பாவின் முன்னணி கிளப்புக்கு அல்ல. இரண்டாம் நிலை லீக்குக்குத் தள்ளப்பட்டிருந்த தமது சொந்த ஊர் அணியான ஹெல்சிங்போர்குக்கு.

1985-இல் பிறந்த அவர், அந்த அணியில்தான் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். பின்னர் இங்கிலாந்தின் விகான், நெதர்லாந்தின் குரோனிங்கன், இத்தாலியின் ஜெனோவா, ரஷியாவின் கிராஸ்னோதார் ஆகிய அணிகளுக்காக விளையாடினார்.

2017 நவம்பரில் நடந்த உலகக் கோப்பை தகுதிச்சுற்றில், இரு ஆட்டங்களிலும் கோல் விடாமல் இத்தாலியை 1-0 என சுவீடன் வெளியேற்றியது. 60 ஆண்டுகளில் முதன்முறையாக இத்தாலி உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. நாட்டின் சிறந்த வீரருக்கான 'தங்கப் பந்து' விருதைத் தொடர்ந்து 10 ஆண்டுகள் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் வென்றுவந்த நிலையில், அவ்வாண்டு அது கிரான்க்விஸ்டுக்குக் கிடைத்தது.

ரஷியாவில் நடந்த உலகக் கோப்பையில் தென்கொரியா, மெக்சிகோ அணிகளுக்கு எதிராக பெனால்டி வாய்ப்புகளை அவர் கோலாக்கினார். மனைவியின் பிரசவ நேரத்திலும் அணியுடனேயே தங்கினார். காலிறுதியில் இங்கிலாந்திடம் 0-2 என சுவீடன் தோற்றது.

அவர் திரும்பிய 2018-ஆம் ஆண்டிலேயே ஹெல்சிங்போர்க் முதல்நிலை லீக்குக்கு முன்னேறியது. ஆனால், 2020-இல் மீண்டும் தரமிறக்கப்பட்டது. நாட்டுக்காக 88 ஆட்டங்களில் 9 கோல்கள் அடித்த கிரான்க்விஸ்ட், 2021-இல் ஓய்வு பெற்றார்.