உதுக்குள்ள என்ன ஏத்திக்கொண்டு போகுது?

வானத்துச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடிய ஊரில் இருந்துகொண்டு, அதே சத்தத்துக்கு ஓடுபாதையை நோக்கி ஓடும் ஊர்களைப் பற்றியும், அங்கே விமானம் ஓட்டுவதற்காக வருடக்கணக்கில் ஆயத்தமாகும் இளம் குடும்பங்களைப் பற்றியும் ஒரு பார்வை.

சத்தம் கேட்டதும் அம்மம்மாவின் கை நின்றுவிட்டது. பின்னேரம் நாலு மணி இருக்கும். புதுக்குடியிருப்புச் சந்தியில் இருந்து உள்ளே போகும் ஒரு தெரு. விறாந்தையில் இருந்து பனையோலைப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். விமானம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு உயரம். அவர் அண்ணாந்து பார்க்கவும் இல்லை. வளவின் மூலையைத்தான் பார்த்தார். அங்கே இப்போது நாலு வாழை நிற்கிறது. முன்பு பங்கர் இருந்த இடம்.

“உதுக்குள்ள என்னத்த ஏத்திக்கொண்டு போகுது, தம்பி?”

“ஆக்கள்தான் அம்மம்மா. எங்கயோ வெளிநாட்டுக்குப் போற பிளேன்.”

“ஆக்களோ...” என்றுவிட்டு ஓலையை மறுபடி எடுத்தார்.

விமானத்தைப் பற்றி வன்னியில் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி அதுதான். சத்தத்தை வைத்தே விமானங்களை இனம் பிரித்த சனம் நாங்கள். இடிபோல வந்து போனது கிபிர். தலைக்கு மேலே விடாமல் ரீங்கரித்தது வண்டு என்ற வேவு விமானம். அதற்கு முந்திய காலத்தில் சகடை, சியாமா செட்டி. எது எதைக் கொண்டுவரும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2006 ஓகஸ்ட் 14 காலையில் வள்ளிபுனத்தில் செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளாகத்தின் மேல் வந்தது என்ன ஏற்றிவந்தது என்பதை இந்தப் பகுதி மறக்கவில்லை. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மீதே ஷெல் விழுந்தபோது, காயப்பட்டவர்களை ஏற்ற எந்த விமானமும் வரவில்லை. புதுமாத்தளன் கரையில் இருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்தான் அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனது.

இந்தக் காட்டுக்குள்ளும் ஓடுபாதைகள் இருந்தன. இரணைமடுப் பக்கத்து ஓடுபாதையைக் கேள்விப்படாதவர் இல்லை. 2007 மார்ச் 26 அதிகாலையில் கட்டுநாயக்கா வரை போய்க் குண்டு போட்டுவந்த புலிகளின் ஸ்லின் 143, உண்மையில் நான்கு பேர் இருந்து பறக்கும் சின்னப் பயிற்சி விமானம். மேலே இருந்து வந்ததும் விமானம், கீழே இருந்து போனதும் விமானம். இரண்டிலும் ஏறியது ஒரே சாமான்.

அந்த ஸ்லின்னைப் போலவே ஒற்றை இஞ்சின் வைத்த சின்ன விமானங்கள்தான் இன்றைக்கும் பப்புவா நியூகினியின் மலைகளில், கொங்கோவின் காடுகளில், தென்சூடானின் சதுப்பு நிலங்களில் இறங்கி ஏறுகின்றன. ஏற்றுவது தடுப்பூசி, உப்பு, சோக்குப் பெட்டி, கூரைத் தகரம், பிரசவம் சிக்கலான ஒரு தாய். ஓட்டுபவர் பெரும்பாலும் மனைவி பிள்ளைகளோடு ஊர்விட்டு ஊர் வந்த ஒருவர். மிஷனரி விமானி.

பாரம் மாறிய விமானிகள்

இந்த ஊழியத்தின் தொடக்கமே ஒரு யுத்தத்தின் முடிவில்தான் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் பறந்துவிட்டு வந்த கிறிஸ்தவ விமானிகள் சிலர், கற்ற தொழிலை இனி எதற்குப் பாவிப்பது என்று யோசித்தார்கள். 1945இல் அமெரிக்காவில் அவர்கள் அமைத்த சங்கம்தான் பின்னாளில் ‘மிஷன் ஏவியேஷன் பெலோஷிப்’ ஆனது. அதன் முதல் விமானி ஒரு பெண். பெற்றி கிறீன் என்ற அவர் யுத்தகாலத்தில் அமெரிக்கப் படைக்காக விமானம் ஓட்டியவர். 1946 பெப்ரவரி 23 அன்று, இரட்டைச் சிறகு வைத்த ஒரு பழைய வாக்கோ விமானத்தில் இரண்டு மொழிபெயர்ப்பு ஊழியர்களை ஏற்றிக்கொண்டு மெக்சிக்கோவுக்குப் புறப்பட்டார்.

பிரித்தானியாவிலும் இதே கதை. விமானப்படையில் இருந்த ஜாக் ஹெமிங்ஸ், ஸ்டூவர்ட் கிங் என்ற இருவர் 1948 ஜனவரியில் ஒரு சிறு விமானத்தில் ஆபிரிக்காவுக்குப் பறந்தார்கள். எந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம், எங்கே இறங்கலாம் என்று பார்த்து வருவதுதான் வேலை. அதே வருடம் ஜூலையில் புருண்டியின் மலைச்சரிவில் விமானம் விழுந்து உடைந்தது. இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள், ஊருக்குப் போனார்கள், பிறகு மறுபடியும் தொடங்கினார்கள். 1951இல் இந்த ஊழியம் நியூகினிக்கும் போய்ச் சேர்ந்தது. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் இருந்து மலைநாட்டுக்கு இன்றைக்கும் தரைவழிப் பாதை இல்லாத நாடு அது.

மண்ணெண்ணெய் தெரிந்தவர்களுக்கு

விமானம் ஓட்டத் தெரிந்த ஒருவர் நேரே போய் இந்த வேலையில் சேர்ந்துவிட முடியாது. ஆசை வந்த நாளில் இருந்து முதல் கிராமத்தில் இறங்கும் நாள்வரை ஐந்து, ஏழு வருடம்கூட ஆகும்.

முதலில் தொழில்முறை விமானி அனுமதிப்பத்திரம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத முகிலுக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகைமை. அதோடு பலர் மெக்கானிக் அனுமதிப்பத்திரமும் எடுக்கிறார்கள். காட்டு நடுவில் ஒரு இஞ்சின் இருமினால் ஆளனுப்பிக் கூப்பிட கராஜ் கிடையாது. ஓட்டுபவரே கழற்றிப் பூட்டவேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேட்டருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த மண்ணெண்ணெய்க்கு இங்கேயும் ஒரு வேலை இருக்கிறது. பழைய செஸ்னா 206 போன்ற விமானங்களுக்கு அவ்காஸ் என்ற தனிவகைப் பெற்றோல் வேண்டும். தூர நாடுகளில் அது கிடைப்பது அருமை, கிடைத்தாலும் கொள்ளை விலை. ஜெட் எரிபொருளோ மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது, எங்கும் கிடைக்கும். அதில் ஓடும் டர்பைன் இஞ்சின் பூட்டி, மிஷன் சங்கங்களின் தேவையை மனதில் வைத்தே அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒரு விமானம் வடிவமைக்கப்பட்டது. அதுதான் கோடியாக். 2007இல் பறக்கச் சான்றிதழ் பெற்றது. பத்துப் பேருக்கு இடம். ஆயிரம் அடிக்குள் ஓடி எழும்பிவிடும்.

ஆயிரம் அடி என்பது ஏன் முக்கியம் என்றால், மலைக்கிராம ஓடுபாதை அவ்வளவுதான் இருக்கும். அதுவும் சமதரை இல்லை. சரிவு. மேல்நோக்கி இறங்கவேண்டும், கீழ்நோக்கி ஓடி எழும்பவேண்டும். மேல் முனையில் மலை, கீழ் முனையில் பள்ளத்தாக்கு. இறங்க வரும்போது ஒரு குறித்த இடம் தாண்டிவிட்டால் மனம் மாறித் திரும்ப எழும்ப முடியாது. அந்த இடம் எது என்று ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தனித்தனியாக மனதில் பதித்துவைத்திருக்கவேண்டும். பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, ஓடுபாதை ஓடுபாதையாகத்தான் புதிய விமானிக்கு அனுமதி கொடுப்பார்கள்.

தராசு இல்லாமல் எந்தப் பயணமும் இல்லை. பயணியும் ஏறி நிற்கவேண்டும், அவர் கையில் இருக்கும் கோழியும் ஏறவேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று ஐதாகும், சிறகுக்குப் பிடிப்புக் குறையும். மலை உயரத்தில் அது இன்னும் குறையும். விடியற்காலை எழும்பும் பாரம் மத்தியானத்தில் எழும்பாது. பின்னேரம் முகில் வந்து பள்ளத்தாக்கை மூடிவிடும். ஆகவே விமானிக்கு வேண்டிய பெரிய தகைமை, “இன்றைக்கு ஏலாது” என்று சொல்லத் தெரிவது. ஒரு நோயாளியின் சொந்தக்காரர் கண்ணீரோடு நிற்கும்போதும் அதைச் சொல்லவேண்டும்.

பிடியரிசிக் கணக்கு

பறக்கும் பயிற்சியைவிடக் கடினமானது காசு சேர்ப்பது என்று இந்தக் குடும்பங்கள் சொல்வதுண்டு. பெரும்பாலான மிஷன் விமானிகளுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று மேலே இருந்து வருவதில்லை. கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு தேவாலயம் தேவாலயமாகப் போய், மாதம் மாதம் சிறுதொகை தர முன்வருபவர்களைத் தேடவேண்டும். தேவையான தொகைக்கு ஆள் சேரும்வரை புறப்பட முடியாது. சில குடும்பங்களுக்கு இதற்கே ஒரு வருடம், இரண்டு வருடம் போய்விடும்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இது புதிதில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைத்து ஊழியத்துக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் எங்களிடையே நெடுநாளாக இருக்கிறது. ‘வெளிநாட்டு ஊழியம்’ என்றாலே வெள்ளைக்காரர் இங்கே வருவது என்று நினைப்பவர்கள், 1900ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் சங்கம் அமைத்துக் கடலுக்கு அக்கரையில் தொண்டிக்கு ஊழியரை அனுப்பியதை மறந்துவிடுகிறார்கள். 1902இல் யாழ்ப்பாணம் வந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா இதைக் கண்டு அசந்துபோனார். ஊர் திரும்பியவர் 1903 பெப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்க முன்னின்றார். இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. தமிழ்க் குடும்பங்கள் தெலுங்கு படித்துக்கொண்டு தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போயின. அசரியாவும் பிறகு அங்கேயே போய்க் குடியிருந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரானார்.

விமானிக் குடும்பத்துக்கும் மொழிதான் கடைசிப் பரீட்சை. நியூகினி என்றால் டொக் பிசின், இந்தோனேசியா என்றால் பகாசா. றேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ஆங்கிலம் பேசிவிடலாம். ஓடுபாதையில் புல் வெட்டும் மனிதரோடு, சந்தையில் கிழங்கு விற்கும் பெண்ணோடு பேச அது உதவாது.

நாலரை மணி

விமானி பறக்கிறார், குடும்பம் வீட்டில் இருக்கிறது என்று நினைத்தால் தவறு. இந்த ஊழியத்தில் அதிகம் பேசப்பட்ட பெயர் நேற் செயின்ற். 1948இல் மனைவி மார்ஜோடு எக்குவடோருக்குப் போனவர். அமேசன் காட்டின் ஓரத்தில் ஷெல் மேரா என்ற இடத்தில் வீடு. மார்ஜ் ஒரு தாதி. மூன்று சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே றேடியோவின் முன் இருந்து, கணவன் எங்கே பறக்கிறார், எப்போது இறங்குவார் என்று குறித்துக்கொண்டிருப்பது அவர் வேலை.

நேற் கெட்டிக்காரர். இறங்க இடமில்லாத காட்டுக்குள் சாமான் கொடுக்க ஒரு வழி கண்டுபிடித்தார். நீளக் கயிற்றில் ஒரு வாளியைக் கட்டி, மேலே விமானம் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால், கயிறு சுழன்று சுழன்று வாளி வட்டத்தின் நடுவுக்கு வந்துவிடும். பிறகு கிணற்றுக்குள் துலாவில் இறக்கிய வாளிபோல அநேகமாக அசையாமல் கீழே தொங்கும். தரையில் நிற்பவர் பொருளை எடுத்துவிட்டுத் தன் பொருளை வைக்கலாம். வெளியாருடன் பழகாத வாவோராணி மக்களுக்கு அப்படித்தான் பரிசுகள் இறங்கின. பதிலுக்கு ஒருமுறை உயிரோடு ஒரு கிளி மேலே ஏறிவந்தது.

1956 ஜனவரி 8 அன்று, அந்தக் காட்டின் ஆற்றுமணலில் விமானத்தை இறக்கியிருந்த நேற், நாலரை மணிக்கு மறுபடி பேசுவதாக மார்ஜிடம் சொல்லியிருந்தார். நாலரைக்கு றேடியோ பேசவில்லை. அவரும் அவரோடு போன நால்வரும் ஈட்டிகளால் கொல்லப்பட்டிருந்தார்கள். சொன்ன நேரத்துக்கு வராத ஒருவருக்காகக் காத்திருப்பது என்னவென்று முல்லைத்தீவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1958இல் நேற்றின் சகோதரி றேச்சலும், இறந்தவர்களில் ஒருவரின் மனைவி எலிசபெத் எலியட்டும் தன் சின்ன மகளோடு அதே வாவோராணி மக்களிடம் போய் வாழ்ந்தார்கள். பழிவாங்கல் கொலைகள் பின்பு குறைந்தன. ஆனால் கதையை அத்தோடு முடித்துவிட முடியாது. அந்த மக்களை ஒரு சிறு பகுதிக்குள் குடியேற்றியது எண்ணெய்க் கம்பனிகளுக்கு வழிவிட்டது என்ற விமரிசனம் பலமாக இருக்கிறது. சமயத்தையும் மருந்தையும் ஒரே விமானத்தில் ஏற்றலாமா என்ற கேள்வி எங்கள் ஊரிலும் கேட்கப்படும், கேட்கப்படவும் வேண்டும். நிவாரணம் தருபவர் கையில் என்ன, மனதில் என்ன என்று இரண்டையும் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அசரியா வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்துச் சொன்னதன் சாரமும் இதுதான்: நீங்கள் எத்தனையோ தியாகம் செய்தீர்கள், எங்களுக்கு வேண்டியது நண்பர்கள். மொழி படிக்கும் காலத்தை வீண் என்று நினைக்கும் விமானிக் குடும்பம் நண்பராகப் போகவில்லை.

அம்மம்மாவுக்கு இவ்வளவும் சொல்ல முடியாது. ஒரு கதைதான் சொன்னேன். ஜொய்ஸ் லின் என்று ஒரு பெண்பிள்ளை. அமெரிக்காவின் பேர்போன எம்.ஐ.டி.யில் படித்து, கணினித் துறையில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு மிஷன் விமானியானவர். 2020 மே 12, கொரோனாக் காலம். இந்தோனேசியப் பப்புவாவின் சென்றானி விமான நிலையத்தில் இருந்து மாமிற் என்ற மலைக்கிராமத்துக்குத் தனியாக எழும்பினார். சில நிமிடத்தில் ஆபத்து என்று றேடியோவில் சொன்னார். கோடியாக் ஏரிக்குள் விழுந்தது. வயது நாற்பது.

அம்மம்மா ஓலையைக் கீழே வைத்தார்.

“உள்ளுக்கு என்ன இருந்தது?”

“கொரோனா சோதிக்கிற சாமான். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் சாமான்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, எனக்கு நினைவு தெரிந்து முதல்முறையாக, விமானம் ஓட்டிய ஒருவருக்காக அவர் வாயில் இருந்து அந்தச் சொல் வந்தது.

“ஆற்ற பிள்ளையோ, பாவம்.”