வந்தபின் போடும் தடுப்பூசி

தடுப்பூசி என்றால் நோய் வருமுன் தடுக்கும் ஊசி. தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. ஆகவேதான், புற்றுநோய்க்கு 'டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி' என்று செய்தி வரும்போது நம் சங்க அன்பர்கள் குழம்புகிறார்கள். ஊரில் அக்காவுக்கோ அத்தைக்கோ கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று தொலைபேசியில் கேட்டவர்கள், நிலத்தை விற்றாவது அதைப் போட்டுவிடலாமா என்கிறார்கள். இது வந்துவிட்ட நோயோடு போராடக் கொடுப்பது. 'சிகிச்சை ஊசி' என்பதே பொருத்தமான பெயர் என்பேன்.

கிரேக்க மொழியில் 'டென்ட்ரான்' என்றால் மரம். கிளை கிளையாகக் கரம் நீட்டும் இந்த அணுவை 1973-ல் நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மனும் ஜான்வில் கோனும் கண்டு எழுதினார்கள். இதற்கு ஒற்றன் வேலை. உடலில் புகுந்த அந்நியப் பொருளில் ஒரு துணுக்கை எடுத்துப்போய், நிணநீர்க் கணுவில் காத்திருக்கும் 'டி' அணுக்களுக்குக் காட்டும். அவைதாம் படை. ஒற்றன் அடையாளம் காட்டாவிட்டால் புதிய எதிரி மீது படை கிளம்பாது.

புற்றணு நம் சொந்த அணுவே என்பதால் பொதுவாக அடையாளம் காண்பது கடினம். கருப்பை வாய்ப் புற்றுநோய் அப்படியல்ல. அதற்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். இதைக் கண்டறிந்த ஹெரால்டு சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸின் ஈ6, ஈ7 என்ற இரு புரதங்களை நம்பித்தான் அந்தப் புற்றணு வாழ்கிறது. நல்ல அணுக்களில் அவை இருப்பதில்லை. திருடன் கழற்ற முடியாத சட்டையோடு திரிவது போல! இருந்தும் ஒற்றன் பிடிப்பதில்லை. கட்டியின் சூழல் அவனை மந்தமாக்கிவிடுகிறது.

ஆகவே பயிற்சியை வெளியே வைத்துக்கொள்கிறார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்து மோனோசைட் அணுக்களைப் பிரித்து, ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் வளர்த்து டென்ட்ரிடிக் செல்களாக்கி, அவருடைய கட்டியின் சாற்றையோ வைரஸ் புரதத்தையோ ஊட்டி, அவருக்கே ஊசியாகப் போடுகிறார்கள். ஒருவருக்குத் தயாரித்ததை இன்னொருவருக்குப் போட முடியாது. செலவு ஏறுவது இதனால்தான்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையினர் இதை முயன்று பார்த்து 2014-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோய் திரும்பி வந்த 14 பெண்கள் அந்த ஆய்வில் இருந்தார்கள். பயிற்சி பெற்ற செல்களும் பிறகு சிஸ்பிளாட்டின் மருந்தும் பெற்றவர்களில் ஒருவருக்குக் கட்டி முற்றிலும் மறைந்து, அவர் 72 மாதங்கள் வாழ்ந்தார். நெஞ்சை நிறைக்கும் செய்திதான். ஆனால் ஒருவர் ஒருவர்தான்; ஊசியால் வந்த பலனா, மருந்தால் வந்ததா என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல இயலாது.

இந்நோய்க்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. அறுவை, கதிர்வீச்சு, சிஸ்பிளாட்டின் இவற்றைத் தள்ளிப்போட்டு இதற்காகக் காத்திருக்கலாகாது. யாராவது பணம் கேட்டு இந்த ஊசி போடுவதாகச் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவான ஆய்வா என்று முதலில் கேளுங்கள். நிலப்பத்திரத்தை அப்புறம் எடுக்கலாம்.

உண்மையான தடுப்பூசி வேறு. எச்.பி.வி. தொற்றையே தடுக்கும் 'செர்வாவாக்' 2023 முதல் நம் நாட்டிலேயே தயாராகிக் கிடைக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது. வந்த நோயை அது குணமாக்காது. வீட்டில் அந்த வயதில் பெண் குழந்தை இருந்தால் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். 30 வயதைத் தாண்டிய தாய்மார்கள் தங்களுக்குப் 'பாப்' பரிசோதனையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.