பலேர்மோ முடங்கியபோது: பேக்கப் ஏன் வேகமாக நடக்க வேண்டும்?

2022 ஜூன் தொடக்கத்தில் சிசிலித் தீவின் துறைமுக நகரமான பலேர்மோவின் நகராட்சிக் கணினிகள் மீது தாக்குதல் நடந்தது. பாதிப்பு பரவாமலிருக்க அதிகாரிகள் எல்லா சர்வர்களையும் நிறுத்தினார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஊர் ஃபேக்ஸுக்குத் திரும்பியது. பழைய நகரத்துக்குள் வண்டி ஓட்ட அனுமதிச் சீட்டு வாங்கவும் வழியில்லை. சில நாட்களில் மேயர் தேர்தல் வேறு. பின்னர் தரவைப் பணயமாக்கிப் பணம் பறிக்கும் 'வைஸ் சொசைட்டி' என்ற பணயக் கும்பல் தாக்குதலுக்குப் பொறுப்பேற்றது.

இப்படி ஒரு காலையில் எந்த அலுவலகத்திலும் எழும் முதல் கேள்வி, கடைசி பேக்கப் எப்போது எடுத்தது என்பதே. அதிக நேரம் பிடிக்கிறதென்று வாரம் ஒருமுறை மட்டும் எடுத்திருந்தால் ஒரு வார வேலை போய்விடும். மணிக்கொருமுறை எடுக்க முடிந்தால் ஒரு மணி நேர வேலைதான் போகும். பேக்கப்பின் வேகத்தை நான் வெறும் வசதியாகப் பார்ப்பதில்லை. எவ்வளவு இழப்போம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 டெராபைட் தரவை நொடிக்கு ஒரு ஜிகாபிட் இணைப்பில் முழுதாக அனுப்ப, தடங்கலே இல்லாவிட்டாலும் சுமார் 22 மணி நேரம் ஆகும். இரவில் கிடைக்கும் ஆறு மணி நேரம் எந்த மூலைக்கு? அதனால் மாறியதை மட்டும் எடுக்க வேண்டும். கோப்புகளுக்கு 1996இல் வந்த 'ஆர்சிங்க்' இதைத்தான் செய்கிறது: கோப்பைத் துண்டுகளாக்கி ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. ஆனால் சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால், எது மாறியது என்று தேடுவதற்கே பல மணி நேரம் ஓடிவிடும். தரவுத்தளத்தில் சிக்கல் வேறு மாதிரி. ஒரு பிரம்மாண்டக் கோப்புக்குள் அங்கங்கே சில பக்கங்கள் மட்டும் மாறியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க முழுக் கோப்பையும் படிப்பது வீண்வேலை. ஆரக்கிள் போன்றவை மாற்றம் நடக்கும்போதே எந்தப் பக்கம் மாறியது என்று குறித்துக்கொள்கின்றன. போஸ்ட்கிரஸ் 2024இல் வந்த 17ஆம் பதிப்பில்தான் இந்த வகை பேக்கப்பைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

இதற்கும் விலை உண்டு. மாறியதை மட்டும் எடுத்த நகல்களின் தொடர் நீள நீள மீட்பது மெதுவாகும். நடுவில் ஒரு நகல் கெட்டால் அதற்குப் பின்னுள்ளவை பயன்படாது. அதனால் அவ்வப்போது முழு நகலும் வேண்டும்.

நகலை வெளியூருக்கு அனுப்பும்போது தூரமும் குறுக்கே நிற்கிறது. 2005இல் முடிந்த சீ-மீ-வீ-4 கடலடிக் கேபிள் சென்னையிலும் பலேர்மோவிலும் கரையேறுகிறது. இந்த இரண்டு ஊர்களுக்கிடையே ஒரு செய்தி போய்வர ஏறத்தாழ ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். இணையத்தில் தரவு அனுப்பும் பழைய அமைப்பில் 64 கிலோபைட் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அப்போது கேபிள் எவ்வளவு பெரிதானாலும் ஓர் இணைப்புக்கு நொடிக்கு 5 மெகாபிட் அளவுதான் தேறும். பதிலுக்கு முன் அனுப்பும் அளவைக் கூட்டுவதும், பல இணைப்புகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதும்தான் வழி. 2008 டிசம்பரில் சிசிலிக்கருகே இந்தக் கேபிளே அறுந்தது. பக்கத்திலேயே ஒரு முழு நகல் இருக்க வேண்டும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

அந்த நகலும் எந்நேரமும் பிணையத்தில் இருக்கக் கூடாது. பணயக் கும்பல்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் பேக்கப்பைத்தான் தேடி அழிக்கப் பார்க்கின்றன.

மீட்கும் நாளில் மாறியதை மட்டும் எடுக்கும் உத்தி கைகொடுக்காது. அந்த 10 டெராபைட்டும் திரும்பி வந்தாக வேண்டும். நகராட்சி என்றால் பிறப்பு இறப்புப் பதிவு முதலிலா, வரி வசூலா, காவல் பணியா என்ற வரிசையை முன்பே எழுதிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது வெற்று சர்வரில் மீட்டுப் பார்த்து, எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துவைக்க வேண்டும்.