பித்தக்கல்லும் புற்றுநோயும்: சிலி நாட்டு அனுபவத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

பித்தப்பைப் புற்றுநோய்க்கு ஆளானோரை நோக்குமிடத்து, அவர்களுள் 100க்கு 70 முதல் 90 பேர் வரையிலானோரிடம் பித்தக்கற்களும் காணப்படுகின்றன. கல்லே புற்றுநோயைத் தோற்றுவிக்கின்றது என்ற முடிவுக்கு இது நம்மை எளிதில் இட்டுச் செல்லும். ஆயின், மறுமுனையிலிருந்து நோக்கினால், கற்களையுடையோரில் மிகச் சிலரே இப்புற்றுநோயை அடைகின்றனர். பெரும்பாலான நாடுகளில் அது 100க்கு ஒருவர் என்ற அளவிலேயே அமைகின்றது. இலக்கிய வரலாற்றிற் காரணகாரியத் தொடர்பு பற்றி ஓயாது விவாதிக்கும் நாம் (பல வேளைகளில் இயந்திரப் பாங்காகவே விவாதிக்கின்றோம்) இம்முரண்பாட்டைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

பித்தநீரிற் கொலஸ்திரோல் மிகுந்து பளிங்குருப்பெற்றுக் கல்லாதல் பொதுவான நிகழ்ச்சியே. அக்கல் பித்தப்பையின் உட்சுவரை ஆண்டுக்கணக்காக உறுத்தி அழற்சியை நிலைபெறச் செய்கின்றது. அழிந்தும் மீள வளர்ந்தும் வரும் கலங்கள் சிலரிடத்துப் படிப்படியாக இயல்பு திரிந்து புற்றாகின்றன. இதற்கு ஒன்றிரண்டு தசாப்தங்கள் செல்லலாம். அளவு மாற்றம் பண்பு மாற்றமாகின்றது என்று கூற நமக்கு நாவெழுகின்றதாயினும், வாய்பாட்டை உடல்மீது ஏற்றுவது விளக்கமாகாது. 3 சென்றிமீற்றருக்கு மேற்பட்ட கல்லையுடையோருக்கு ஆபத்து, சிறுகல்லையுடையோரிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு எனக் கணிக்கப்பட்டுள்ளது. பெரிய கல் பெரும்பாலும் நெடுங்காலம் இருந்த கல் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. நெருப்புக்காய்ச்சற் கிருமி கல்லின்மேற் படலமாகப் படிந்து தங்குவதும் இவ்வழற்சிக்குத் துணைபோகின்றது. பித்தக்கான்களின் புற்றுநோயை இதனோடு ஒன்றாக்குதல் பொருந்தாது. வடகிழக்குத் தாய்லாந்தில் அதற்கு முதன்மைக் காரணமாயிருப்பது கல்லன்று. வேகாத ஆற்று மீன் வழியாக உடலிற் புகும் ஈரற் புழுவே.

எனவே, கல்லுக்கும் புற்றுக்குமிடையே நீண்டதொரு காலம் கிடக்கின்றது. அக்காலத்துள் நோயாளிக்கு என்ன நேர்கின்றது என்பதே வினா. இதற்குச் சிலி தக்க சான்று. பித்தப்பைப் புற்றுநோயால் உலகில் மிகவும் பாதிக்கப்பட்ட நாடுகளுள் அது ஒன்று. அந்நாட்டின் தென்பகுதியில் வாழும் மாப்புச்சே ஆதிக்குடிகளிடையே, சிறப்பாகப் பெண்களிடையே, கல்லும் புற்றும் மிகுதி. 1998இல் வெளியான ஆய்வொன்று மாப்புச்சேயரில் ஏறத்தாழ 35 வீதமானோரிடம் பித்தக்கல் நோய் இருந்ததைக் காட்டிற்று. பரம்பரையலகுகளுக்கு இதிற் பங்குண்டு. அதனை மறுப்பது பொருள்முதல்வாதமாகாது. ஆனால், 'இனத்தின் இயல்பு' என்று கூறி அமைவோர், இப்புற்றுநோய் உருவாவதற்கு முன்னரே பித்தப்பையை அகற்றிவிட்டால் அது தோன்றுவதற்கு அங்கு இடமே இல்லை என்னும் எளிய உண்மையை மறந்துவிடுகின்றனர். கல்லையுடையவருள் எவருக்கு அச்சத்திரசிகிச்சை கிடைக்கின்றது, எவர் காத்திருக்கின்றார் என்பது பரம்பரையலகிலே எழுதப்பட்டிருப்பதன்று.

சிலியில் 1952இல் நிறுவப்பட்ட தேசிய சுகாதார சேவை, 1973ஆம் ஆண்டு இராணுவச் சதிக்குப் பின்வந்த ஆட்சியிற் கலைக்கப்பட்டது. 1981இல் தனியார் காப்புறுதி நிறுவனங்கள் புகுத்தப்பட, வருவாயுள்ளோர் அவற்றை நாடினர். வறியோர் நிதி வறண்ட அரச மருத்துவமனைகளிற் காத்திருந்தனர். 1980களிற் பித்தப்பை அகற்றும் சத்திரசிகிச்சைகள் குறைந்தமையையும் இப்புற்றுநோயால் இறப்போர் வீதம் உயர்ந்தமையையும் இணைத்து நோக்கிய மருத்துவ ஆய்வாளர் அந்நாட்டிலேயே இருந்தனர். இறப்பு வீதத்தின் ஏற்றத்துக்கு இதுவொன்றே காரணம் என நாம் சாதிக்க வரவில்லை. எனினும், நோயின் குறிகள் கல்லின் குறிகளை ஒத்திருத்தலாற் புற்று மிகவும் பிந்தியே இனங்காணப்படுகின்றது என்பதை நினைக்குமிடத்து, காத்திருப்போர் பட்டியலில் ஓராண்டு என்பது வெறும் நிருவாகத் தாமதமாக எஞ்சுவதில்லை.

2006 முதல், 35 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட, நோய்க்குறியுடைய கல்லாளருக்கு இச்சத்திரசிகிச்சையைப் புற்றுநோய்த் தடுப்பாகக் குறித்த காலத்துட் செய்தல் சிலியிற் சட்டவழி உத்தரவாதமாயிற்று. கல்லுக்கும் புற்றுக்குமுள்ள தொடர்பை ஓர் அரசு இவ்வாறு சட்டமாக எழுதியமை குறிப்பிடத்தக்கது. ஆயினும் அங்கும் வயதெல்லையொன்று உண்டு. இருபதுகளிலேயே கல்லைப் பெற்றுவிடும் மாப்புச்சேப் பெண்ணும், ஐம்பதைக் கடந்தபின் வலியுணரும் அவள் தாயும் இன்னும் பழைய வரிசையிலேயே நிற்கின்றனர்.