அடுக்குக்குறி இருபிளவு

அடுக்குக்குறி இருபிளவு என்பது காலஞ்சார் இயக்க அமைப்புகளின் நிலைப்புத்தன்மையை ஆராய உதவும் கணிதக் கருத்துரு ஆகும். இயக்கவிதியே காலத்தோடு மாறும் அமைப்பு காலஞ்சார் அமைப்பு எனப்படும். எடுத்துக்காட்டாக, புதுக்கோட்டை மாவட்டக் கண்மாய் ஒன்றில் நீர்மட்டம் ஒரே அளவில் இருப்பினும், அது மாறும் விதம் வடகிழக்குப் பருவமழையின்போது வேறு, கோடையில் வேறு.

விதி மாறாத நேரியல் அமைப்பில், அணியின் ஐகென் மதிப்புகள் அனைத்தின் மெய்ப்பகுதியும் எதிர்ம எண்ணாக இருந்தால் தீர்வுகள் யாவும் சுழியை நோக்கித் தேயும். காலஞ்சார் அமைப்புகளுக்கு இச்சோதனை பொருந்தாது. மார்க்கசு, யமாபே ஆகியோர் 1960 இல் தந்த இருபரிமாண அமைப்பில், ஐகென் மதிப்புகளின் மெய்ப்பகுதி எக்கணத்திலும் −1/4 ஆகும். ஆயினும் அதன் ஒரு தீர்வு 1/2 என்னும் அடுக்குக்குறி வீதத்தில் வளர்கிறது. மற்றொன்று 1 என்னும் வீதத்தில் தேய்கிறது. ஐகென் மதிப்புகளை மட்டும் நோக்குவோர்க்கு நிலைப்பற்ற இவ்வமைப்பு நிலைப்புடையதாகவே தோன்றும்.

இவ்வாறு தீர்வுவெளியானது தேயும் தீர்வுகள், வளரும் தீர்வுகள் என இரு உள்வெளிகளாகப் பிரிவதே இருபிளவு ஆகும். தேய்வையும் வளர்ச்சியையும் வரையறுக்கும் மாறிலிகள் தொடக்க நேரத்தைச் சார்ந்திருத்தல் கூடாது. வளரும் பகுதி இல்லையெனில், அமைப்பு சீரான அடுக்குக்குறி நிலைப்புடையது.

இக்கருத்துக்கு ஆசுக்கர் பெரோன் 1930 இல் அடித்தளமிட்டார். கோப்பல் 1978 இல் வெளியிட்ட நூல் இதனைத் தொகுத்துரைக்கிறது. அணியில் நேரும் மாற்றம் எக்காலத்திலும் போதிய அளவு சிறியதாயின் இருபிளவு அழிவதில்லை. எனவே, தோராய அளவீடுகளைக் கொண்டு அமைக்கப்படும் மாதிரிகளுக்கும் இது பயன்படுகிறது.