எக்ஸ் தளத்துக்கு டாட்டா காட்டிய டெபியன்: என்ன காரணம்?

உபுண்டு யூஸ் பண்றீங்களா? அதற்கு அடித்தளமே 1993-ல் தொடங்கிய டெபியன் என்கிற ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம்தான். எக்ஸ் தளத்தில் இனி பதிவிடப் போவதில்லை என்று அதன் செய்தித் தொடர்புக் குழு 2025 ஜனவரியில் அறிவித்தது.

காரணம் டெக்னிக்கல் சமாச்சாரம் இல்லை. டெபியனின் நடத்தை விதிகளோடு எக்ஸ் ஒத்துப்போகவில்லை, தங்களுக்கு வேண்டியவர்கள் அங்கே பாதுகாப்பாக உணரவில்லை என்பதுதான் குழு சொன்ன விளக்கம்.

இதில் நஷ்டமே இல்லையா? இருக்கு. எக்ஸில் மட்டும் ஃபாலோ செய்தவர்கள் கண்ணில் டெபியன் செய்தி இனி சட்டென்று படாது. ஆனால் டெபியன் எக்ஸை மட்டும் நம்பி இருக்கவில்லை. மைக்ரோநியூஸ் என்ற சொந்தச் செய்திப் பக்கம் இருக்கிறது, மாஸ்டடானிலும் கணக்கு இருக்கிறது. மாஸ்டடான் கிட்டத்தட்ட இமெயில் மாதிரி: ஜிமெயிலில் இருந்து யாஹூவுக்கு மெயில் போகிற மாதிரி, வெவ்வேறு ஆட்கள் நடத்தும் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும். எந்த ஒரு முதலாளியும் மொத்தத்தையும் வாங்கிவிட முடியாது. அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். யோசித்தால், டெபியன் இத்தனை நாள் எக்ஸில் இருந்ததுதான் ஆச்சரியம்!

சரி, டெபியன் கம்ப்யூட்டருக்கு அப்டேட் வருமா? வரும். அது வருவது டெபியனின் சர்வர்களில் இருந்து. எக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.