நகத்தளவு துண்டு, தீட்ட வைரம் வேண்டும்! பறக்கும் தூசி நெஞ்சைப் பிடிக்கும்!

சென்னை,

பஸ் என்ஜின், ஸ்கூட்டர், தண்ணீர் பம்பு. எதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே லேத்தில் கடைந்த இரும்புப் பாகம் ஒன்றாவது இருக்கும். அந்த இரும்பைக் கடைவது ஒரு சின்னத் துண்டு. கட்டைவிரல் நகம் அளவுதான். நடுவில் ஒரு ஓட்டை. சில துண்டுகள் தங்கம் போல மின்னும்.

கம்பெனிக்காரர்கள் இதை "இன்செர்ட்" என்பார்கள். லேத் பட்டறைகளில் பழைய டர்னர்களைக் கேட்டால் "விடியா" என்பார்கள்.

இரும்பை வெண்ணெய் போலச் சீவும் இந்தத் துண்டைக் கச்சிதமாகத் தீட்ட வைரம் வேண்டும். தீட்டும்போது கிளம்பும் தூசியோ மனிதனின் நுரையீரலுக்கு எமன். அதன் விவரம் வருமாறு:-

பல்பு கம்பெனியில் பிறந்தது

ஜெர்மனியில் பெர்லின் நகரில் ஓஸ்ராம் என்ற பல்பு கம்பெனி இருந்தது. பல்புக்குள் எரியும் டங்ஸ்டன் கம்பியை இழுக்க வைர அச்சு வேண்டும். வைரமோ விலை அதிகம். அதற்கு மாற்றுத் தேடியபோது, டங்ஸ்டன் கார்பைடு தூளையும் கோபால்ட் என்ற உலோகத் தூளையும் சேர்த்துச் சுடும் முறையை கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் கண்டுபிடித்தார். 1923-ம் ஆண்டு அதற்குக் காப்புரிமை கேட்கப்பட்டது.

பிறகு அதை குருப் கம்பெனி வாங்கி, 1927-ம் ஆண்டு லைப்சிக் பொருட்காட்சியில் வைத்தது. அதற்கு வைத்த பெயர்தான் "விடியா". ஜெர்மன் மொழியில் "வைரம் போல" என்பதன் சுருக்கம் அது. அந்தப் பெயர் கடல் தாண்டி வந்து நம் ஊர்ப் பட்டறைகளில் ஒட்டிக் கொண்டது.

திருப்பிப் போட்டால் புது முனை

முன்பெல்லாம் இந்தத் துண்டை இரும்புத் தண்டின் நுனியில் பற்றவைத்து விடுவார்கள். மழுங்கினால் கழற்றி, சாணைக்கல்லில் பிடித்து மறுபடி மாட்ட வேண்டும். அந்த நேரமெல்லாம் லேத் சும்மா நிற்கும்.

இன்செர்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு ஸ்குரூவைத் தளர்த்தி துண்டைத் திருப்பினால் அடுத்த முனை தயார். சதுரத் துண்டுக்கு ஒரு பக்கம் 4 முனை. இரண்டு பக்கமும் பயன்படும் வகை என்றால் 8 முனை. எல்லாம் தீர்ந்த பிறகுதான் அது பழைய சாமான்.

ஆனால் ஒரு சிக்கல். திருப்பிய முனை பழைய முனை இருந்த அதே இடத்தில் உட்கார வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கடையும் பாகத்தின் அளவு கெட்டுப் போகும். அதனால் உயர் ரகத் துண்டுகளில் 0.025 மில்லி மீட்டர் கூடலாம், அல்லது குறையலாம். அதற்கு மேல் கூடாது. தலைமுடியின் கனமே சுமார் 0.07 மில்லி மீட்டர்!

சுட்டால் சுருங்கும்

தூளை அச்சில் அழுத்தி, உலையில் சுமார் 1,400 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். கோபால்ட் உருகி, பசை போல எல்லாவற்றையும் பிடித்துக் கொள்கிறது. சூளையில் செங்கல் சுருங்குவது போல இதுவும் சுருங்கும். நீளத்தில் 100-க்கு 17 முதல் 20 பங்கு வரை குறைந்துவிடும்.

எவ்வளவு கணக்குப் போட்டாலும் எல்லாத் துண்டும் ஒரே மாதிரி சுருங்காது. சாதாரண வேலைக்கு உள்ளவை அப்படியே போய்விடும். கச்சிதமான அளவு வேண்டியவை கிரைண்டிங் மெஷினுக்கு வருகின்றன.

வைரச் சக்கரம்

முதலில் இரண்டு வைரத் தட்டுகளுக்கு நடுவே துண்டுகளைப் போட்டு, மேலும் கீழும் ஒரே நேரத்தில் தேய்த்து கனத்தைச் சரி செய்கிறார்கள்.

அடுத்தது சுற்று விளிம்பு. மெஷின் ஒவ்வொரு துண்டாக எடுத்து இரண்டு தண்டுகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கிறது. ஒரு ஊசி தொட்டு அளவு பார்க்கிறது. கம்ப்யூட்டர் திருப்பத் திருப்ப, கிண்ணம் போன்ற வைரச் சக்கரம் ஒவ்வொரு பக்கமாக உரசுகிறது. மூலையின் வளைவும் அங்கேயே உருவாகிறது. சக்கரம் மழுங்கினால் அதையும் மெஷினே தீட்டிக் கொள்ளும்.

உரசும்போது சூடு ஏறினால் விளிம்பில் மயிரிழை விரிசல் விழும். அதனால் எண்ணெயோ தண்ணீர் கலந்த திரவமோ அருவி போல ஊற்றிக் கொண்டே இருக்கும்.

இந்த மெஷின்களைச் செய்பவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள். சுவிட்சர்லாந்தில் 1918-ம் ஆண்டு தொடங்கிய அகத்தான், ஜப்பானில் தகயாமா ஊரில் உள்ள வைடா ஆகியவை பெயர் பெற்றவை. வைரச் சக்கரங்களையும் கிரைண்டிங் மெஷின்களையும் செய்யும் வெண்ட் கம்பெனி நம் ஓசூரிலேயே இருக்கிறது.

பழசுக்கும் கிராக்கி

டங்ஸ்டன் என்றதும் மதுரை மேலூர் பக்கம் ஞாபகம் வருகிறதா? அரிட்டாபட்டி மக்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்ததே, அதே டங்ஸ்டன்தான் இது.

உலக டங்ஸ்டனில் பெரும் பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் அந்த நாடு ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. தேய்ந்த துண்டுகளை உருக்குலைத்து டங்ஸ்டனும் கோபால்ட்டும் மறுபடி எடுக்கலாம். அதனால் பழைய இன்செர்ட்டின் கிலோ விலை பழைய இரும்பைப் போலப் பல மடங்கு. திருட்டுக்குப் பயந்து, தேய்ந்ததை எண்ணி வாங்கிக் கொண்டு புதுசு கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு.

நுரையீரலுக்கு ஆபத்து

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இந்தத் துண்டைத் தீட்டும்போது கோபால்ட் கலந்த நுண்ணிய தூசி கிளம்புகிறது. தண்ணீர் ஊற்றினால் தப்பிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் கலந்த திரவத்தில் கோபால்ட் கரையும். அதே திரவம் சுற்றிச் சுற்றி வருவதால் நாளுக்கு நாள் அளவு கூடும். பனி போலத் தெறிக்கும்போது மூச்சில் ஏறும்.

முதலில் வறட்டு இருமல், மூச்சிரைப்பு. லீவு நாளில் கொஞ்சம் தேவலாம் போல இருக்கும். வேலைக்குப் போனால் திரும்ப வரும். முற்றினால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். எல்லாருக்கும் வருவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. சீக்கிரம் கண்டுபிடித்து அந்த வேலையை விட்டு மாற்றினால் பலர் தேறுகிறார்கள்.

இந்த நோய் ஜெர்மனியில் 1940-ம் ஆண்டே எழுதப்பட்டது. டங்ஸ்டன் கார்பைடுடன் சேர்ந்த கோபால்ட் தூசி அனேகமாகப் புற்றுநோயையும் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2006-ம் ஆண்டு அறிக்கையில் கூறியது. ஒரு கன மீட்டர் காற்றில் கோபால்ட் 0.05 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கண்ணுக்குத் தெரியாத அளவு அது!

பெரிய கம்பெனிகளின் புது மெஷின்கள் பெட்டி போல மூடியிருக்கும். புகையை உறிஞ்சும் குழாய், எண்ணெயை வடிக்கும் பில்டர், தீப்பிடித்தால் தானாக அணைக்கும் கருவி எல்லாம் உண்டு.

தெருவோரப் பட்டறையில் அது ஏது? பற்றவைத்த விடியாவைப் பச்சை நிறச் சாணைக்கல்லில் காய்ந்தபடியே பிடிப்பார்கள். முகத்துக்கு நேரே தூசி பறக்கும். கர்ச்சீப்பைக் கட்டிக் கொண்டால் போதும் என்று நினைப்பு. போதாது.

என்ன செய்ய வேண்டும்?

சாணைக்கல்லுக்கு அருகிலேயே தூசியை உறிஞ்சும் குழாய் வைக்க வேண்டும். காற்றுக் குழாயால் தூசியை ஊதக் கூடாது. திரவத்தைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். தூசி வடிகட்டும் முகமூடி போட வேண்டும். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போகக் கூடாது. பிள்ளைகள் மேல் தூசி ஒட்டும்.

கடின உலோகத்தால் வரும் நுரையீரல் நோய், 1923-ம் ஆண்டு தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் 3-வது அட்டவணையில் தொழில் நோயாகச் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் நோய் இன்னதென்று எழுதித் தர டாக்டருக்கு விஷயம் தெரிய வேண்டும். இருமலுக்கு மருந்து வாங்கப் போகிறவர்கள் "பட்டறை வேலை" என்று பொதுவாகச் சொன்னால் பிரயோஜனம் இல்லை. "விடியா சாணை பிடிக்கிறேன், இத்தனை வருஷமாகப் பிடிக்கிறேன்" என்று சொல்லி, சீட்டிலும் அதை எழுதச் சொல்ல வேண்டும்.